மொத்தப் புடவை வியாபாரத்தில் வழங்கும் சொற்கள்: கழிவும் கிரயமும் இலாபமும்



"20% வியாபாரக் கழிவு, 14 நாட்களுள் செலுத்தின் 5% காசுக் கழிவு" என்று வினாத்தாளில் ஒரு வரி வரும். நம்மில் பலர் இரண்டையும் கூட்டி 25% என்று கழித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். அதன்பின் கொள்வனவு நாளேடும் பிழை, கடன்கொடுத்தோர் கணக்கும் பிழை, மொத்த இலாபமும் பிழை. கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். சொல்லின் பொருள் தெரியாததால் புள்ளி போய்விடும்.

நான் கலைப் பட்டதாரி. வணிகச் சொற்களை முதலில் படித்தது பல்கலைக்கழகத்தில் அல்ல, பெரியப்பாவின் புடவைக் கடையில். பாடசாலை விடுமுறைகளில் அங்கே கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்து பில் அடுக்கினேன். எனவே இந்தப் பாடத்தை ஒரு கடையின் கொள்வனவை வைத்தே சொல்கிறேன். க.பொ.த. சாதாரண தரத்தில் வணிகப் பாடம் எடுப்போருக்கும், உயர்தரத்தில் கணக்கீடு தொடங்குவோருக்கும் இது பயன்படும்.

"மொத்தம்" என்ற சொல்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மொத்த வியாபாரம் என்பது உற்பத்தியாளரிடமோ இறக்குமதியாளரிடமோ பெருந்தொகையாக வாங்கிச் சில்லறை வியாபாரிக்கு விற்பது. மொத்த இலாபம் என்பது விற்பனையிலிருந்து விற்பனைக் கிரயத்தைக் கழித்தால் வருவது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. "மொத்த வியாபாரிக்குக் கிடைப்பது மொத்த இலாபம், சில்லறை வியாபாரிக்குக் கிடைப்பது தேறிய இலாபம்" என்று ஒரு மாணவி எழுதியதை நான் திருத்தியிருக்கிறேன். சிரிக்க வேண்டாம், சொல்லை மட்டும் நம்பினால் யாரும் அப்படித்தான் எழுதுவர். இரு வியாபாரிகளுக்கும் மொத்த இலாபம் உண்டு. அதிலிருந்து வாடகை, சம்பளம், மின்கட்டணம் முதலியவற்றைக் கழித்தபின் தேறிய இலாபமும் உண்டு.

ஒரு கட்டளையின் பயணம்

கொழும்பு புறக்கோட்டையில் பிரதான வீதியிலும், கெய்சர் வீதியிலும், அவற்றை ஒட்டிய குறுக்குத் தெருக்களிலும் புடவை மொத்தக் கடைகள் நெருக்கமாக இருக்கின்றன. நாட்டாமிமார் கட்டுகளை ஏற்றிய தள்ளுவண்டிகளோடு சத்தமிட்டுக்கொண்டு வருவர்; ஒதுங்கி நிற்கவும் இடமிராது. வவுனியாவில் உள்ள ஒரு சில்லறைக் கடைக்காரர் அங்கே தீபாவளிக்குச் சேட் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

அவர் முதலில் விலை விசாரிக்கிறார். மொத்த வியாபாரி விலைக்கூறல் கொடுக்கிறார். அதில் விலை, தவணை, விலை எத்தனை நாளைக்குச் செல்லுபடியாகும் என்பவை இருக்கும். கடைக்காரர் மாதிரி ஒன்றைப் பார்த்துக் கட்டளை கொடுக்கிறார். பொருள்களோடு ஒப்படைப்புத் தாள் வருகிறது. அதில் எண்ணிக்கை இருக்கும், பெரும்பாலும் விலை இருக்காது. பின்னர் வருவது பட்டியல். கடையில் இதைத்தான் 'பில்' என்பார்கள். கொள்வனவு நாளேட்டில் பதிவதற்குரிய மூல ஆவணம் இதுவே. கட்டளையோ ஒப்படைப்புத் தாளோ அன்று.

மாதிரியைப் பார்த்து வாங்குவது வெறும் பழக்கமன்று. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, மாதிரி காட்டி விற்றால் வரும் சரக்கும் அந்த மாதிரியின் தரத்தில் இருக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க வாங்குபவருக்கு நியாயமான சந்தர்ப்பமும் கிடைக்க வேண்டும். ஆகவே மாதிரிச் சேட்டைக் கடைக்குக் கொண்டுவந்து பத்திரமாக வைப்பவர் புத்திசாலி.

மொத்தக் கடையில் 'எனக்கு எம் அளவில் மட்டும் தாருங்கள்' என்றால் தரமாட்டார்கள். டசின் கணக்கில், அளவுகள் கலந்த கட்டாகவே தருவார்கள். ஒரு டசினில் எஸ் 2, எம் 4, எல் 4, எக்ஸ்எல் 2 என்று ஒரு விகிதம் இருக்கும். எம், எல் இரண்டும் ஓடிவிடும்; ஓரத்து அளவுகள் தங்கிவிடும். சில்லறைக் கடைகளின் அடித்தட்டில் கிடக்கும் தொக்கின் (இருப்பின்) கதை பெரும்பாலும் இதுதான்.

வியாபாரக் கழிவு

நம் வவுனியாக் கடைக்காரர் 10 டசின், அதாவது 120 சேட் வாங்குகிறார். விலைநிரலில் ஒரு சேட் ரூ. 1,500. வியாபாரக் கழிவு 20%.

விலைநிரல்படி 120 × 1,500 = ரூ. 180,000
வியாபாரக் கழிவு 20% = ரூ. 36,000
பட்டியல் தொகை = ரூ. 144,000

இந்த 36,000 ரூபா எந்தக் கணக்கிலும் வராது. பட்டியலில் கழித்துக் காட்டப்படும், அவ்வளவுதான். கொள்வனவுக் கணக்கில் வரவு 144,000, கடன்கொடுத்தோர் கணக்கில் செலவு 144,000. வீட்டில் 'வரவு' என்றால் வருமானம். ஏட்டில் அது கணக்கின் இடப்பக்கம். இதை இன்னும் குழப்புபவர்கள் இன்றே நிறுத்திவிடுங்கள்.

ஏன் இந்தக் கழிவைக் கொடுக்கிறார்கள்? இங்கே கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். விலைநிரல் விலை என்பது பொதுவாக நுகர்வோர் கடைசியாகக் கொடுக்கும் விலை. சில்லறை வியாபாரி அதே 1,500 ரூபாவுக்கு விற்று வாழ வேண்டுமானால் அவருக்கு அதைவிடக் குறைவாகக் கொடுத்தாக வேண்டும். ஆகவே இந்த 20% தான் சில்லறைக் கடைக்காரரின் வாழ்க்கைச் செலவு. அவர் முந்திப் பணம் கட்டினாலும் பிந்திக் கட்டினாலும் இது மாறாது.

கூடுதலாக வாங்கினால் இன்னும் ஒரு பங்கு குறைப்பார்கள்; அது தொகைக் கழிவு. பட்டியலில் கழித்துக் காட்டப்பட்டால் அதற்கும் இதே விதிதான்.

திருப்பிய பொருள்

கட்டை அவிழ்த்தால் 6 சேட்டில் தையல் பிரிந்திருக்கிறது. திருப்பி அனுப்புகிறார். அவற்றின் பெறுமதி என்ன? 6 × 1,500 = 9,000 என்று எழுதுபவர்களை ஒவ்வொரு வகுப்பிலும் காண்கிறேன். வாங்கியது 1,200 ரூபாவுக்கு; திருப்புவதும் 1,200 ரூபாவுக்கே. ஆகவே ரூ. 7,200.

மொத்த வியாபாரி இதை ஏற்று ஒரு செலவுத்தாள் அனுப்புவார். 'உங்கள் கணக்கில் இவ்வளவு செலவு வைத்துள்ளேன், உங்கள் கடன் குறைந்துவிட்டது' என்பதே அதன் பொருள். அவருக்கு இது உட்திரும்பல். நம் கடைக்காரருக்கு வெளித்திரும்பல். வினாவில் யாருடைய ஏடு கேட்கப்படுகிறது என்பதைப் பார்த்துவிட்டுப் பேனையை எடுங்கள்.

இப்போது கடன் மீதி 144,000 − 7,200 = ரூ. 136,800.

காசுக் கழிவும் காசோலையும்

தவணை 30 நாள். 14 நாட்களுள் கட்டினால் 5% காசுக் கழிவு. நம்மவர் 12ஆம் நாள் கட்டுகிறார். கழிவைக் கணிப்பது திரும்பல் போக மீதியான தொகையில்.

136,800 × 5% = ரூ. 6,840
செலுத்திய காசோலை = ரூ. 129,960

கடன்கொடுத்தோர் கணக்கு வரவு 136,800. வங்கிக் கணக்கு செலவு 129,960. பெற்ற கழிவுக் கணக்கு செலவு 6,840. உங்கள் பாடத்திட்டத்தில் பெற்ற கழிவு ஒரு வருமானம். தேறிய இலாபத்தைக் காணும்போது சேர்க்கப்படும். மொத்த வியாபாரியின் ஏட்டில் இதே 6,840 கொடுத்த கழிவு. அவருக்கு அது செலவினம்.

இரு கழிவையும் கூட்டக்கூடாது என்பதன் காரணம் இப்போது தெரிகிறதா? ஒன்று வாங்கும் அன்றே விலையைத் தீர்மானிக்கிறது. மற்றது கடனைத் தீர்க்கும் நாளில், அதுவும் நாள் தவறாவிட்டால் மட்டும் வருகிறது.

பரீட்சைக்கு வெளியேயும் ஒன்றைக் கணித்துப் பாருங்கள். 14ஆம் நாளை விட்டுவிட்டு 30ஆம் நாள் கட்டினால் 16 நாள் கூடுதலாகக் கிடைக்கிறது. அதற்கு விலை 6,840 ரூபா. அதே 129,960 ரூபாவை ஆண்டுக்கு 24% வட்டிக்குக் கடன் வாங்கினாலும் 16 நாளுக்கு வட்டி ஏறத்தாழ 1,367 ரூபாதான். காசுக் கழிவை விடுவது எவ்வளவு விலையுயர்ந்த கடன் என்று பாருங்கள். தீபாவளிக்கு முந்திய வாரத்தில் கையில் காசில்லாத சிறு கடைக்காரருக்கு இது தெரிந்திருந்தும் வழியிராது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

புறக்கோட்டையில் அதிகம் நடப்பது பிற்திகதியிட்ட காசோலை. இன்று பொருளை எடுத்துக்கொண்டு ஒன்று இரண்டு மாதம் கழித்த திகதியில் காசோலை கொடுப்பது. திகதி வரும்வரை அது பணமன்று. வங்கிக் கணக்கில் பதியக்கூடாது. திகதி வந்து, கணக்கில் பணமில்லாமல் திரும்பினால் அது மறுக்கப்பட்ட காசோலை. கொடுத்தவர் மீண்டும் கடன்பட்டவராகிறார். அந்தக் கொடுப்பனவுக்குக் கழிவு கொடுத்திருந்தால் அதையும் நீக்க வேண்டும். பலர் காசோலைத் தொகையை மட்டும் திருப்பி எழுதிக் கழிவை மறந்துவிடுவர். அங்கே 2 புள்ளி நிச்சயம் போகும்.

கிரயமும் இலாபமும்

இந்தப் பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

114 சேட்டையும் வவுனியாவுக்குக் கொண்டுவர லொறிக் கூலி ரூ. 3,420. இது உட்சுமைக்கூலி, கொள்வனவோடு சேரும். ஒரு சேட்டுக்கு 30 ரூபா. ஆகவே ஒரு சேட்டின் கிரயம் 1,230 ரூபா. (வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்பக் கொடுக்கும் கூலி வெளிச்சுமைக்கூலி; அது விநியோகச் செலவு, கிரயத்தில் சேராது.)

கூலியை ஒரு நிமிடம் மறந்துவிடுவோம். 1,200க்கு வாங்கி 1,500க்கு விற்றால் இலாபம் 300. இது எத்தனை வீதம்? கிரயத்தின் மீது 300/1,200, அதாவது 25%. விற்பனை மீது 300/1,500, அதாவது 20%. இரண்டும் சரி. அதே 300 ரூபா, அளக்கும் அடி வேறு. மேலே நாம் கண்ட 20% வியாபாரக் கழிவும் விற்பனை மீதான இந்த 20% இலாபமும் ஒன்றே என்பதைக் கவனித்தீர்களா?

சுருக்கவழி: பின்னமாக எழுதினால் கிரயத்தின் மீது 1/4 என்பது விற்பனை மீது 1/5. கிரயத்தின் மீது 1/3 எனின் விற்பனை மீது 1/4. 1/2 எனின் 1/3. பகுதி எண்ணில் ஒன்றைக் கூட்டுங்கள். மறுபக்கம் போக ஒன்றைக் குறையுங்கள். தொகுதி எண் 1 ஆக இருக்கும்போது மட்டும் இது பொருந்தும்.

என் பெரியப்பா வியாபாரத்தில் நேர்மையானவர். கணக்கில் இந்த ஓரிடத்தில் மட்டும் இடறினார். ஒரு தீபாவளி முடிந்த கையோடு மிஞ்சிய சேட்டுகளுக்கு '25% கழிவு' என்று மட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டார். 'நான் 25 வீதம் வைத்துத்தானே விற்கிறேன், அதை விட்டுக்கொடுத்தால் முதலாவது வந்துவிடும்' என்பது அவருடைய நினைப்பு. கடை நிறைந்தது. மூன்று நாளில் தட்டு வெறுமையானது. அவருடைய விலைகள் எனக்கு இப்போது நினைவில்லை. நம் உதாரணத்தின் எண்களை வைத்துப் பார்ப்போம். அவர் 25% வைத்தது 1,200 மீது, 300 ரூபா. 25% கழித்ததோ 1,500 மீது, 375 ரூபா. விற்ற விலை 1,125. கிரயமோ கூலியோடு 1,230. ஒவ்வொரு சேட்டும் 105 ரூபா நட்டத்தோடு வெளியே போயிற்று. சனம் கூடக் கூட நட்டம் கூடிற்று.

மாதக் கடைசியில் மொத்தக் கடைக்குக் கொடுத்திருந்த காசோலைக்குத் திகதி வந்தது. வங்கியில் பணம் போதவில்லை. செக் திரும்பிற்று. அதன்பின் அந்தக் கடையில் அவருக்குக் கடன் இல்லை, கைக்காசுக்கு மட்டுமே சரக்கு. இரண்டு வருடம் அப்படியே ஓடிற்று. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பில்களை அடுக்கியது நான்தான். ஆனாலும் எங்கே பிழைத்தது என்று எனக்கும் தெரியவில்லை.

முதல் மட்டும் வந்தால் போதும் என்றால் அவர் அதிகபட்சம் எவ்வளவு கழித்திருக்கலாம்? 1,500 − 1,230 = 270. 270/1,500 = 18%. இந்த ஒரு வரிக் கணக்கு போதுமாயிருந்தது.

பரீட்சையில் இதே இடறல் வேறு வேடத்தில் வரும். விற்பனை ரூ. 600,000, ஆரம்பத் தொக்கு ரூ. 80,000, கொள்வனவு ரூ. 500,000, கிரயத்தின் மீது இலாபம் 25%, இறுதித் தொக்கு யாது? கிரயத்தின் மீது 1/4 எனின் விற்பனை மீது 1/5. மொத்த இலாபம் 120,000; விற்பனைக் கிரயம் 480,000; இறுதித் தொக்கு 580,000 − 480,000 = ரூ. 100,000. விற்பனையில் நேரே 25% எடுத்தவருக்கு 130,000 வரும். இல்லாத 30,000 ரூபாச் சரக்கு ஏட்டில் இருக்கும்.

இன்னும் சில சொற்கள்

*விற்பனை அல்லது திருப்புதல்:* 'கொண்டுபோய் வையுங்கள், விற்றால் காசு, விற்காவிட்டால் திருப்பித் தாருங்கள்' என்ற ஏற்பாடு. புதிய மாதிரிகளை இப்படிக் கொடுப்பதுண்டு. விற்கும்வரை சரக்கு அனுப்பியவருடையது. கடையின் தட்டில் இருந்தாலும் கடைக்காரரின் இறுதித் தொக்கில் சேர்க்கக்கூடாது.

*சர்பிளஸ், செக்கன்ட்ஸ்:* ஏற்றுமதிக்குத் தைத்த ஆடைத் தொழிற்சாலைகளில் கட்டளைக்கு மேல் மிஞ்சியவை சர்பிளஸ். குறைபாட்டால் ஒதுக்கப்பட்டவை செக்கன்ட்ஸ். புறக்கோட்டையிலும் மஹரகமப் பகுதியில் பாமுனுவையிலும் இவை ஏராளம். இவை பெரும்பாலும் 'பார்த்த நிலையில்' விற்கப்படும், திருப்ப முடியாது. முதலாவதென்று சொல்லி இரண்டாவதை விற்பவரும் உண்டு, கவனம்.

*யாரும் மீற்றரும்:* துணியை யாரில் வாங்கி மீற்றரில் விற்கும் கடைகள் உள்ளன. ஒரு யார் 0.9144 மீற்றர். யார் 300 ரூபா எனின் மீற்றரின் கிரயம் ஏறத்தாழ 328 ரூபா. 300 என்று நினைத்து விலை வைத்தால் 28 ரூபா காற்றோடு போகும்.

*பெறுமதி சேர் வரி:* நம் நாட்டில் 2002 ஆகஸ்டில் தொடங்கியது. 2024 ஜனவரியில் வீதம் 18% ஆக்கப்பட்டது. பதிவுபெற்ற மொத்த வியாபாரி இதைக் கணிப்பது வியாபாரக் கழிவு போன பின்னுள்ள தொகையில். நம் 144,000 மீது 18% எனின் ரூ. 25,920. பதிவு பெறாத சிறு கடைக்காரரால் இதை மீளப்பெற முடியாது. அவருக்கு இதுவும் கிரயத்தில் சேர்ந்துவிடும். வினாவில் வரி தரப்படாவிட்டால் நீங்களாகச் சேர்க்க வேண்டாம்.

*இறுதித் தொக்கின் பெறுமதி:* கிரயம், விற்றால் தேறக்கூடிய பெறுமதி ஆகிய இரண்டில் குறைந்ததையே எடுக்க வேண்டும். அடித்தட்டில் கிடக்கும் எக்ஸ்எல் சேட்டை 900க்குத்தான் விற்கலாம் என்றால் ஏட்டிலும் 900தான். 1,230 என்று எழுதிப் பெருமைப்படக் கூடாது. விலை ஏறினாலோ கிரயமே நிற்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டபோது, பழைய விலைக்கு விற்ற கடைக்காரர்களின் ஏட்டில் இலாபம் இருந்தது. அந்தப் பணத்துக்கு அதே அளவு சரக்கு மீண்டும் வாங்க முடியவில்லை. ஏட்டு இலாபம் காட்டாத ஒன்று இது, உயர்தரத்தில் படிப்பீர்கள்.

பயிற்சி

1. விலைநிரல் விலை ரூ. 2,000 ஆன சறம் 5 டசின் கடனுக்கு வாங்கப்பட்டது. வியாபாரக் கழிவு 25%. 10 நாட்களுள் செலுத்தின் காசுக் கழிவு 4%. 4 சறங்கள் திருப்பப்பட்டன. 8ஆம் நாள் செலுத்திய தொகை யாது?

2. மேலுள்ள சறங்களில் எஞ்சியவற்றுக்கு உட்சுமைக்கூலி ரூ. 2,800. விலைநிரல் விலைக்கே விற்றால் விற்பனை மீதான இலாப வீதம் யாது? கிரயம் மட்டும் வந்தால் போதுமெனின் ஒரு சறத்துக்கு உச்சமாக எத்தனை வீதம் கழிவு கொடுக்கலாம்?

3. வியாபாரக் கழிவுக்கு ஏன் பேரேட்டில் கணக்கு இல்லை? இரண்டு வசனங்களில் எழுதுக.

4. காசுக் கழிவு போக வந்த காசோலை ஒன்று மறுக்கப்பட்டது. மொத்த வியாபாரியின் ஏட்டில் வேண்டிய பதிவுகளை எழுதுக.

விடைகள்: (1) 90,000 − 6,000 = 84,000; கழிவு 3,360; செலுத்தியது ரூ. 80,640. (2) ஒரு சறத்தின் கிரயம் 1,550, இலாபம் 450, 22.5%. உச்சக் கழிவும் 22.5% தான், ஏன் இரண்டும் ஒன்றாக வந்தன என்று உங்கள் கொப்பியில் எழுதி வாருங்கள். (3) மேலே 'வியாபாரக் கழிவு' பகுதியைப் பார்க்க. (4) கடன்பட்டோர் கணக்கு வரவு, முழுத் தொகை. வங்கிக் கணக்கு செலவு, காசோலைத் தொகை. கொடுத்த கழிவுக் கணக்கு செலவு, கழிவுத் தொகை.